ஒரு வினாடிக்கு இருபத்தைந்து

பென் டிரைவை விஜயிடமிருந்து வாங்குவதற்குள் தமிழரசிக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. அது காலி, ஒன்றும் ஓடவில்லை, மூன்று போனில் போட்டுப் பார்த்தாயிற்று என்று சொன்னதையே சொல்லிக்கொண்டிருந்தான் தம்பி. கூடத்தில் பெட்டிக்குள் அப்பா கிடந்தார். சுற்றிலும் சர்ச் பங்குப் பெண்கள் தாழ்ந்த குரலில் ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். மணி ஒன்று. மூன்று மணிக்குக் கல்லறை வண்டி வந்துவிடும்.

பிழைப்புக்கு வடக்கே வந்து கட்கி தொழிற்சாலையில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஆரோக்கியசாமி, முந்தின நாள் காலை மனைவி சின்னம்மாவுக்கு பிரஷர் மாத்திரை வாங்கப் போனார். மெடிக்கல் கடை வாசலிலேயே விழுந்தார். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருமுன் உயிர் போய்விட்டது. ஸ்கூட்டர் மோதிவிட்டது என்றார்கள். ஓட்டி வந்தவள் ரோஹிணி என்ற நர்ஸ். கூட்டம் அவளுடைய வண்டியை நொறுக்கி, கையை முறுக்கி, போலீஸ் சௌகியில் கொண்டுபோய் விட்டது. மாலையில் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, காலையில் மறுபடியும் வரச் சொல்லியிருந்தார்கள். இப்போதும் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறாள் என்று யாரோ சொன்னார்கள்.

விஜய் ஒரு முடிவோடு இருந்தான். கல்லறைக்குப் போகும் வழியில் பெட்டியை சௌகி வாசலில் இறக்குவது. அவள் மேல் கேஸ் எழுதும்வரை எடுப்பதில்லை. தளேகாவ் கம்பெனியிலிருந்து அவனோடு வேலை செய்பவர்கள் முப்பது பேர் வந்து வாசலில் நின்றார்கள். அவள் வெளியே வரட்டும், பார்த்துக்கொள்ளலாம் என்று அவர்களில் ஒருவன் இந்தியில் சொன்னது தமிழரசியின் காதில் விழுந்தது.

எல்லோருடைய போனிலும் ஒரு கிளிப் சுற்றிக்கொண்டிருந்தது. பதினொரு வினாடி. அப்பா நிற்கிறார், ஸ்கூட்டர் வருகிறது, அப்பா தரையில் கிடக்கிறார், அவ்வளவுதான். கடைக்காரர் கேமரா பதிவை பென் டிரைவில் கொடுத்தபோது அது திறக்கவில்லை என்று, விஜயின் சிநேகிதன் கோகுல்நாத் கடைத் திரையில் ஓடியதையே போனில் பிடித்து எல்லோருக்கும் அனுப்பியிருந்தான்.

தமிழரசிக்கு ஹிஞ்சேவாடியில் ஒரு கம்பெனியில் பயிற்சி வீடியோக்களை வெட்டி ஒட்டுகிற வேலை. முதல்முறை கிளிப்பைப் பார்த்தபோது அழுதாள். இரண்டாம் முறை அழுகை நின்றுபோனது. திரையின் மூலையில் இருந்த கடிகாரத்தின் வினாடி எண் பத்து, பதினான்கு, பதினெட்டு என்று தாவியது. கோகுல்நாத் பதிவை வேகமாக ஓட்டிப் பிடித்திருக்கிறான். நடுவில் இருந்த படங்கள் வரவே இல்லை.

உள்ளறையில் மடிக்கணினியைத் திறந்து பென் டிரைவைச் செருகினாள். ஒரே ஒரு கோப்பு இருந்தது.

"காலி இல்லடா. கடையில இருக்கற மிஷினு அதோட பாஷையிலதான் எழுதும். அதுக்குன்னு ஒரு பிளேயர் இருக்கு, அது இருந்தாத்தான் தொறக்கும்."

"எல்லாரும் பாத்துட்டாங்க க்கா. நீ இன்னும் என்னாத்த பாக்கப் போற?"

அவள் தன் போனின் இணைப்பில் பிளேயரை இறக்கத் தொடங்கினாள். சாதாரண வீடியோவாக மாற்றுகிற ஆப் ஒன்று தன்னிடம் இருப்பதாக விஜய் சொன்னான். வேண்டாம் என்றாள். மாற்றினால் சில படங்கள் போய்விடலாம், பதிவில் இருக்கும் நேரமும் போய்விடலாம், அப்புறம் அதை யார் நம்புவார்கள்? அவன் அலுத்துக்கொண்டு வெளியே போனான். எவ்வளவு இறங்கியது என்று காட்டும் கோடு பாதியில் நின்று, அசைந்து, மறுபடி நின்றது. வெளியே ஜெபமாலை, ஐந்து பத்துகளில் நான்காவதுக்கு வந்திருந்தது.

பிளேயர் திறந்தபோது ஒன்றே முக்கால். ஒரு வினாடிக்கு இருபத்தைந்து படங்கள். அம்புக்குறியை ஒவ்வொரு தடவை அழுத்தும்போதும் அப்பா ஒரு இம்மி நகர்ந்தார்.

கையில் மாத்திரைப் பையோடு கடையிலிருந்து வெளியே வந்தார். நின்றார். விளக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டார். உட்கார இடம் தேடுகிறவரைப் போல இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகு குனிந்து, பையைக் கடைப்படியில் வைத்து, யார் காலும் படாதபடி உள்ளே தள்ளினார். அதற்கப்புறம்தான் முழங்கால் மடிந்தது. பத்து நாற்பத்திரண்டு, பதினைந்தாவது வினாடி.

தெருவில் ஸ்கூட்டர் இல்லை. பதினாறு. பதினேழு. பதினெட்டில்தான் அது திரைக்குள் வந்தது. கிடந்தவரைப் பார்த்து அவள் பிரேக் பிடித்தாள், சறுக்கினாள், விழுந்தாள். சக்கரத்துக்கும் அப்பாவுக்கும் நடுவே ஒரு கை நீளம் இருந்தது.

தமிழரசி நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. ரோஹிணி முழங்காலாலேயே நகர்ந்து வந்து, அப்பாவின் மார்பில் இரண்டு கையையும் வைத்து அழுத்தத் தொடங்கினாள். ஒரு நிமிடம் பத்து வினாடி விடாமல் அழுத்தினாள். பிறகு கூட்டம் வந்தது. அவளைத் தோளைப் பிடித்து இழுத்தார்கள். இழுக்கும்போதும் அவள் கை அப்பாவை நோக்கி நீண்டிருந்தது. அவளை விலக்கிய பிறகு அவர் மார்பில் யாரும் கை வைக்கவில்லை.

விஜயைக் கூப்பிட்டாள். எதுவரை காட்டுவது என்று ஒரு கணம் தயங்கினாள். எல்லாவற்றையும் காட்டினாள்.

அவன் நின்றபடியே பார்த்தான். "மறுபடி போடு" என்றான். இரண்டாம் முறை உட்கார்ந்து பார்த்தான். ரோஹிணியை முதலில் பிடித்து இழுத்தவனை இருவருக்கும் அடையாளம் தெரிந்தது. இப்போது வெளியே, வந்தவர்களுக்கு வாசலில் நாற்காலி போட்டுக்கொண்டிருந்தான் அவன். கோகுல்நாத்.

விஜய் எழுந்து வெளியே போனபோது தமிழரசியும் பின்னாலேயே எழுந்தாள். கதவருகே அம்மா நின்றிருந்ததை அப்போதுதான் பார்த்தாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை.

விஜய் கோகுல்நாத்துக்கு எதிரே போய் நின்றான். கோகுல்நாத் என்னவோ கேட்டான். விஜய் கை ஓங்கவில்லை. வாசலில் நின்றவர்கள் பக்கம் திரும்பி, வண்டி நேராகக் கல்லறைக்குத்தான், வழியில் எங்கேயும் நிற்காது என்று எல்லோருக்கும் கேட்கும்படி இந்தியில் சொன்னான். முணுமுணுப்பு எழுந்தது. அவன் திரும்பி வந்து அக்காவிடம் கை நீட்டினான். அவள் ஒரு பிரதி எடுத்துக்கொண்டு, பிளேயரையும் சேர்த்துப் போட்டு, பென் டிரைவைக் கொடுத்தாள். பைக்கில் தனியாக சௌகிக்குப் போனான்.

மூன்றுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போதுதான் திரும்பினான்.

"குடுத்துட்டேன் க்கா. அங்கயே போட்டுப் பாத்தாங்க. அந்த நர்ஸம்மாவ வீட்டுக்கு அனுப்பிட்டாங்க."

சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டான்.

"கையில கட்டு போட்டிருந்தாங்க."

பெட்டியைத் தூக்க ஆள் கேட்டபோது அவன் முன்னால் போய் நின்றான். கோகுல்நாத் அங்கே இல்லை. வண்டி சௌகியைத் தாண்டும்போது யாரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

அடக்கம் முடிந்து வீடு திரும்பி, எல்லோரும் குளித்து, கூடத்தைக் கழுவிவிட்ட பிறகு சின்னம்மா மகளிடம் வந்தாள்.

"உங்கப்பா கடையிலருந்து நடந்து வந்தாரே. அத மட்டும் காட்டு."

தமிழரசி மடிக்கணினியைக் கட்டில் மேல் வைத்துத் திறந்தாள். ஆரோக்கியசாமி பையோடு வெளியே வந்தார். நின்றார்.

"நிறுத்து."

நிறுத்தினாள். சின்னம்மா ஈரத் தரையிலேயே உட்கார்ந்து, முகத்தைத் திரைக்கு அருகே கொண்டுபோனாள்.

"எவ்ளோ நேரம் இப்டியே வெக்கலாம்?"

கொஞ்ச நேரத்தில் திரை தானாக மங்கியது. தமிழரசி விரலை நீட்டித் தொடுபலகையை மெல்லத் தொட்டாள். வெளிச்சம் வந்தது. மறுபடி மங்கியது. மறுபடி தொட்டாள்.