லா பே தோற்க வேண்டிய நாள்

என் அக்கா புருஷன் லா பே பதினோரு வருஷமாக ஒரு சண்டையிலும் ஜெயித்ததில்லை. தோற்றதும் இல்லை. முப்பது சண்டை, முப்பதும் டிரா. எங்கள் லெத்வே குத்துச்சண்டையில் புள்ளிக் கணக்கெல்லாம் கிடையாது. ஐந்து ரவுண்டு முடிந்து மணி அடிக்கும்போது இரண்டு பேரும் காலில் நின்றால் டிரா, தீர்ந்தது. ஒருத்தன் முகம் முகமாக இருக்கும், இன்னொருத்தன் முகம் மிதிபட்ட பப்பாளியாக இருக்கும், இருந்தாலும் டிரா. மாமா எப்போதும் பப்பாளி.

கையுறை கிடையாது. வெறும் கையில் துணிப்பட்டை சுற்றிக்கொண்டு குத்தலாம், முழங்கையால் இடிக்கலாம், முழங்காலால் ஏற்றலாம், போதாதென்று தலையாலும் முட்டலாம். பட்டை சுற்றுவது, தண்ணீர் ஊற்றுவது, ரத்தம் துடைப்பது என் வேலை. இதைப் பார்க்கவா இத்தனை கூட்டம் என்று கேட்கிறவர்கள், மாமா தள்ளாடித் தள்ளாடி மறுபடி நிமிரும்போது எழும் சத்தத்தைக் கேட்டதில்லை. ஜெயித்தவனை ஊர் மறந்துவிடும். விழாதவனுக்கு மீன்குழம்புச் சேமியா விற்கிற மொஹிங்கா கடைக்காரி கேட்காமலே ஒரு முட்டை சேர்த்துப் போடுவாள்.

சான் மியா அக்காவுக்கு அந்த முட்டை வேண்டாம். போன மழைக்காலத்திலிருந்து மாமாவுக்கு நினைவு தப்ப ஆரம்பித்திருந்தது. ஒரு நாள் சந்தையில் நின்றுகொண்டு, தான் பெற்ற பெண்ணின் பெயர் என்ன என்று அக்காவிடமே ரகசியமாகக் கேட்டார். அக்கா பெயரைச் சொல்லிவிட்டு மீன்கடைக்குப் பின்னால் போய் அழுதுவிட்டு வந்தாள். அன்றைக்கே சண்டையை விடச் சொன்னாள்.

விட முடியாது. வாலிபத்தில் பகோடாவில் புத்தர் முன்னால் மண்டியிட்டு, தோற்கிற அன்றைக்குத்தான் நிறுத்துவேன் என்று வாக்குக் கொடுத்திருந்தார். மனுஷன் தோற்கவே மாட்டான் என்று அப்போது யாருக்குத் தெரியும்?

தபாங் மாதத் திருவிழாச் சண்டைக்கு முதல் நாள் அக்கா என்னைப் பிடித்தாள்.

“டேய், நாளைக்கு மேடை மூலையில உங்கூட நானும் நிக்கப் போறேன்.”

“பொம்பளைங்க அங்கெல்லாம் வர்றதில்லக்கா.”

“வரக் கூடாதுன்னு விதி இருக்கா?”

“இல்ல, ஆனா...”

“அப்ப வாயை மூடு. அவரு விழுந்தா நீ ரெண்டு நிமிஷம் கேக்கக் கூடாது. கேட்டே, அந்தத் தண்ணி வாளியிலயே உன்னை முக்கிடுவேன்.”

விழுந்தவனுக்கு ஒரு சண்டையில் ஒரே ஒரு முறை, மூலைக்காரர்கள் கேட்டால் இரண்டு நிமிஷம் கொடுப்பார்கள். அதற்குள் மயக்கம் தெளிய வைத்து மறுபடி அனுப்பலாம். கடைசி ரவுண்டில் மட்டும் அது கிடையாது. கேட்காமலும், பத்து எண்ணுவதற்குள் எழாமலும் போனால் தோல்வி. அக்காவுக்கு வேண்டியது அந்தத் தோல்விதான்.

எதிராளி நே லின். இருபத்திரண்டு வயது, பாறை மாதிரி தொடை, இடுப்புவரை பச்சை குத்தியிருந்தான். மேளமும் நாயனமும் முழங்க மாமா முதல் ரவுண்டில் அடி வாங்கினார். இரண்டாவதில் இன்னும் நன்றாக வாங்கினார். மூன்றாவதில் ஒரு குத்து கொடுத்தார். அது நடுவர் தோளில் பட்டது. கூட்டம் எழுந்து நின்று கத்தியது. அக்கா மட்டும் வெற்றிலையை மென்றுகொண்டு கல்லாக நின்றாள்.

நாலாவது ரவுண்டில் நே லினின் முழங்கை கன்னத்தில் உரச, மாமா வெட்டிய வாழைமரமாகச் சாய்ந்தார். பதினோரு வருஷத்தில் முதல் தடவை. மேளமே ஒரு கணம் தடுமாறியது. நடுவர் எண்ணிக்கொண்டே எங்கள் பக்கம் பார்த்தார். என் வாய் துடித்தது. அக்கா என் கையைக் கிள்ளிப் பிடித்திருந்தாள். எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

அப்போது பார்த்து நே லினின் பயிற்சிக்காரன், தொப்பைக்காரன், எதிர்மூலையிலிருந்து கத்தினான்: “கிழட்டு எருமை படுத்துருச்சு! வாலைப் புடிச்சு இழுத்துட்டுப் போங்கடா!”

அக்கா வெற்றிலையைத் துப்பினாள்.

“யாரைடா எருமைங்கிறே? உங்கப்பன்டா எருமை! ஐயா நடுவரே, ரெண்டு நிமிஷம்! குடுங்க ரெண்டு நிமிஷம்!”

நான் தடுப்பதற்குள் கயிற்றுக்கு அடியில் நுழைந்துவிட்டாள். முழு வாளியையும் மாமா தலையில் கவிழ்த்தாள். மார்பில் அறைந்தாள். “எந்திரிய்யா! அந்தத் தொப்பைப் பய முன்னாடியா படுப்பே?” மாமா அசையவில்லை. குனிந்து காதைக் கடித்தாள். மாமா அலறிக்கொண்டு எழுந்தார்.

மீதிச் சண்டையில் காதெரிச்சலை எல்லாம் நே லின்மேல் காட்டினார். கடைசியில் இருவரும் தலையோடு தலை முட்டிக்கொண்டு, யார் யாரைத் தாங்குகிறார்கள் என்று தெரியாமல் நிற்கும்போது மணி அடித்தது. முப்பத்தோராவது டிரா. ஊரே ஆடியது. அக்கா மூலையில் சரிந்து உட்கார்ந்து, தன் வாயில் தானே அடித்துக்கொண்டாள்.

பொழுது சாயும் நேரத்தில் மூவரும் வீட்டுக்கு நடந்தோம். ரப்பர் தோட்டத்தருகே மாமா காதைத் தடவிக்கொண்டார்.

“காதைக் கடிச்சது யாரு?” என்றார் மாமா.

“நான்தான்.”

“ஏன் கடிச்சே? நான் எவ்வளவு சிரமப்பட்டு விழுந்தேன் தெரியுமா?”

அக்கா நின்றுவிட்டாள். “என்னது?”

“உனக்காகத்தான் விழுந்தேன். அந்தப் பய அடி ஒரு அடியா? கொசு ஓட்டுறான். தண்ணி ஊத்தினே, பொறுத்துக்கிட்டேன். அறைஞ்சே, பொறுத்துக்கிட்டேன். கடிச்சா என்ன பண்றது?”

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அக்காவுக்கு ஆத்திரம் தாங்கவில்லை.

“அட கூறுகெட்ட மனுஷா, பொய்யா விழறவன் அஞ்சாவது ரவுண்டுல விழ வேண்டியதுதானே! அதுலதான் ரெண்டு நிமிஷமே கிடையாதே!”

மாமா தரையைப் பார்த்தார். “அஞ்சாவதுன்னு நெனச்சுத்தான் விழுந்தேன்.”

என் சிரிப்பு நின்றுபோனது. நாலு விரல் எண்ணிக்கை அது. மாமாவுக்குத் தவறிவிட்டது.

அக்கா கையிலிருந்த கூடையை என்னிடம் கொடுத்தாள். கைலியை இழுத்துச் செருகினாள். இடது கையை மடக்கி, சண்டைக்காரர்கள் சவால் விடுவதுபோல முழங்கைமேல் பட்டென்று அறைந்தாள்.

“வாய்யா.”

“இங்கயா?”

“இங்கதான். டேய், நீ நடுவர்.”

மாமாவும் முழங்கையைத் தட்டி சவாலை ஏற்றார். அக்கா இரண்டு கையாலும் மார்பில் ஒரு தள்ளு தள்ளினாள். மாமா பாதைப் புழுதியில் மல்லாந்து விழுந்தார். நான் எண்ண ஆரம்பித்தேன். ஏழில் மாமாவின் தோள் பழக்கதோஷத்தில் தானாக எழும்பியது.

அக்கா அவர் மார்மேல் ஏறி உட்கார்ந்தாள். கண்ணில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது.

“என்னடா பாக்குறே, எண்ணு,” என்றாள்.

எண்ணினேன்.