மூணாம் நாள் மிதப்பான்

சவரியப்பன் சொன்னால் சொன்னதுதான். நரிக்குடிச் சுத்துப்பட்டில் எந்தக் கிணற்றில் யார் விழுந்தாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். பாதாளக்கரண்டியை இறக்கித் துழாவுவார். உடம்பு தட்டுப்படாவிட்டால் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "மூணாம் நாளு தானா மேல வரும், போய்ச் சோலியப் பாருங்க" என்பார். இருபது வருசத்தில் ஒரு தடவைகூடத் தப்பியதில்லை.

அந்தத் தெம்புதான் மனுசனைக் கெடுத்தது. தொண்ணூற்றி ரெண்டாம் வருசம், கடல் ஆராய்ச்சிக் கப்பலில் கருவிகளை இறக்கி ஏற்றும் விஞ்ச் ஓட்டப் போன மகன் லாரன்ஸ் கடலில் விழுந்துவிட்டான் என்று தந்தி வந்தது. தலையிலடித்துக்கொண்டு அழுதார். அழுத கையோடு திருச்சுழி டெலிபோன் பூத்துக்குப் போய்த் துறைமுகத்துக்குப் போன் போட்டு, "மூணாம் நாளு மிதப்பான், கப்பல அங்கனயே நிப்பாட்டி வைங்கய்யா" என்றார். கல்லறைத் தோட்டத்தில் குழியும் வெட்டச் சொல்லிவிட்டார்.

"உடம்பு வராம எதுக்குப் பெரியப்பா குழி?" என்று கேட்ட பங்காளி மகனிடம், "ஏலே, கெணத்தப் பத்தி எனக்கே சொல்றியா? எம்மகன் வாரான்!" என்று சீறினார். கடலும் அவருக்குக் கிணறுதான், கொஞ்சம் பெரிய கிணறு.

மூணாம் நாள் மத்தியானம் ஜீப் வந்தது. இறங்கியவர் அந்தக் கப்பலின் விஞ்ஞானி பூமிநாதன். கையில் லாரன்ஸின் தகரப்பெட்டி மட்டும். ஜீப்புக்குள் எட்டிப் பார்த்த அவர் பெண்சாதி ராஜாத்தி, "எம்புள்ளைய எங்கய்யா?" என்று கத்தி அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.

"மிதக்கலையா சார்?" என்றார் சவரியப்பன்.

"மிதக்க மாட்டான்யா. அது கடலுக்கடியில தரை சரிஞ்சு இறங்குற இடம். மேல தண்ணி சும்மா கெடக்கும். கடல் ஏறி இறங்குறப்பல்லாம் உள்ளுக்குள்ள பனை உயரத்துக்கு அலை எந்திரிச்சு அந்தச் சரிவுல மோதும். அத அளக்கத்தான் போனோம். அடியில அம்புட்டுக் குளிரு. அந்தக் குளிருல உடம்பு ஊதாது, மேல வராது. அலை உருட்டிக்கிட்டே இருக்கும்."

உருட்டிக்கிட்டே என்றதும் சவரியப்பன் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டார். அட கர்த்தரே! எத்தனை வீட்டு வாசலில் நின்று வாய் கூசாமல் சொன்ன வார்த்தை, பெற்ற பிள்ளைக்கு ஆகாமல் போச்சே!

"எப்பிடி விழுந்தான்?"

"அளக்குற கருவிய இறக்குறப்ப கயிறு காலைச் சுத்திருச்சு. கருவியோட சேர்ந்து போயிட்டான்."

"அப்ப அந்தக் கருவியும் அங்கனதான் கெடக்கா?"

பூமிநாதன் தலையைக் குனிந்துகொண்டார். "இல்லய்யா. அது மட்டும் நேத்தே மேல வந்துருச்சு, கயித்துல அவன் இல்ல. அதுல மிதவை கட்டியிருந்தோம்."

"எம்புள்ளைக்கு ஒண்ணு கட்டி விட்டிருக்கலாமே சார்" என்றார் சவரியப்பன்.