சாம்பிள் கிளாஸ்

போடியில எனக்கு ஏலக்காய்க் கடை. பெங்களூருக்கு முதல் தடவையா போனப்ப, அங்க வேலை பாக்குற என் மச்சினன் விஜயராஜ், கடைக்குள்ளயே பீர் காய்ச்சி விக்கிற இடத்துக்குக் கூட்டிட்டுப் போனான்.

"போடி ஏலக்காய் போட்ட பீர் சார், சாம்பிள் பாருங்க" என்று கடைக்காரன் ஒரு சின்ன கிளாஸை நீட்டினான். காசு வேணாமாம்.

குடிச்சேன். அருமையா இருந்துச்சு. அதுதான் எனக்கு இடிச்சது. எங்க ஊருல சாம்பிள் தட்டுல காய் பச்சைப்பசேல்னு இருக்கும். மூட்டையப் பிரிச்சா அடியில பூரா விதையில்லாத பொக்கு.

"யாருகிட்ட? சாம்பிளைக் காட்டி ஏமாத்துற சோலி எங்கிட்ட வேணாம்யா. லோடைக் காட்டு!"

விஜயராஜ் தலையில கைய வச்சுக்கிட்டான். கடைக்காரன் சிரிச்சுக்கிட்டே தொட்டிக்கிட்ட கூட்டிப்போய், குழாயத் தொறந்து பெரிய கிளாஸ்ல பிடிச்சுக் கொடுத்தான். அதே மணம், அதே ருசி. மாத்தி மாத்திக் குடிச்சுப் பாத்தேன். சந்தேகம் கூடத்தான் செஞ்சது.

"மாப்ளே, இது போடி ஏலக்காயே இல்லடா."

"போடிதான் மச்சான். உங்க கடைச் சரக்கா மட்டும் இருக்காது" என்றான் விஜயராஜ். "சாம்பிளும் லோடும் ஒண்ணா இருக்கே."