பட்டினி கிடக்காத வீடு

சாருலதா மேடம் விஷயத்தைச் சொன்னபோது பூமாரிக்கு முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஐரோலியில் ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனியின் கால் சென்டரில் அவள் டீம் லீடர். வாஷியில் திறக்கப்போகும் புதுக் கிளைக்கு அவளைத்தான் மேனேஜராகப் போடுவார்கள் என்று பேச்சு அடிபட்டது. மாட்டுங்காக்காரரான சாருலதா அங்கே எச்.ஆர். தலைவி. ஆண்டு விழாவில் பூமாரியின் வாழ்க்கையைச் சின்னப் படமாகக் காட்டப்போவதாகச் சொன்னார்.

"தாராவியிலேர்ந்து டீம் லீடர் வரைக்கும்! பார்க்கறவாளுக்கு ஒரு உத்வேகம் வரணும், பூமாரி."

ஞாயிற்றுக்கிழமை படமெடுப்பவர்கள் தாராவிக்கு வந்தார்கள். அப்பா வேல்ராஜ் சவரம் செய்து, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வாசலில் நின்றார். கீழே அவருடைய பை தைக்கும் பட்டறை, மேலே வீடு. வரிசையாக நின்ற தையல் மெஷின்களைப் பார்த்ததும் கேமராக்காரனுக்கு முகம் விழுந்துவிட்டது. அவனிடம் ஏற்கெனவே எழுதி முடித்த வசனம் இருந்தது. அதில் பூமாரியின் அப்பா மூட்டை தூக்கினார். குடும்பம் ஒருவேளைக் கஞ்சியில் காலம் தள்ளியது.

"அங்கிள், சட்டையைக் கழற்றிவிட்டு பனியனோடு தரையில் உட்காருங்கள். லைட்டை அணைத்துவிடலாம்" என்றான் இந்தியில்.

அப்பா மகளைப் பார்த்தார். "ஒன் வேலைக்கு நல்லதுன்னா சொல்லு தாயி, உக்காருதேன்" என்று சட்டைப் பொத்தானில் கை வைத்தார்.

அதைப் பார்த்ததும் பூமாரிக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

"கழத்தாதீங்கப்பா" என்றாள். கேமராக்காரன் பக்கம் திரும்பி, "பஸ், ஹோ கயா. போதும், சாமானை எடுத்துட்டுக் கிளம்பு" என்றாள்.

மறுநாள் சாருலதா கூப்பிட்டு அனுப்பினார். கோபத்தைவிட வருத்தம்தான் அவர் குரலில் அதிகம்.

"யாரும் உங்க அப்பாவை அவமானப்படுத்தணும்னு நினைக்கலை. நம்ம ஸ்டாஃப் துவண்டு போயிருக்கா. மாசாமாசம் யாராவது விட்டுட்டுப் போறா. நல்ல கதை ஒண்ணு கேட்டா தெம்பு வருமேன்னுதான்..."

"அவங்கல்லாம் கதை கேக்காமலா மேடம் போறாங்க?"

படம் வேண்டாம், மேடையில் நீயே பேசு என்று சாருலதா அந்த வசனத் தாளையே கையில் கொடுத்தார்.

பூமாரியின் மனதில் இருந்தது வேறு. அவள் டீமில் இருந்த நகுல் போன மாதம் டெங்குக் காய்ச்சலோடு வேலைக்கு வந்தான். சிக் லீவ் எடுத்தால் வேலை மதிப்பீட்டில் ஒரு ஸ்டார் குறையும், ஸ்டார் குறைந்தால் இன்கிரிமென்ட் போகும். ஹெட்போனை மாட்டியபடியே சீட்டில் சரிந்தவனை ஆட்டோவில் தூக்கிப்போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவள் அவள்தான். அந்த விதியை எடுக்கச் சொல்லி டைரக்டர் மகேஷ்குமாரிடம் பலமுறை பேசியிருந்தாள். பதிலுக்கு மன உறுதியைப் பற்றி ஒரு போஸ்டர் சுவரில் ஏறியது.

விழா வாஷியில் ஒரு பெரிய ஹாலில் நடந்தது. அவள் பெயரைக் கூப்பிட்டதும் கைத்தட்டல் காதைப் பிளந்தது. பூமாரி தாளை மடித்து மேஜையில் வைத்தாள். இந்தியில் பேசினாள்.

"என் வீட்டில் யாரும் பட்டினி கிடந்ததில்லை. என் அப்பா மூணு வேளையும் சோறு போட்டார், மீன் குழம்போடு."

ஹால் சிரித்தது. மகேஷ்குமாரும் சிரித்தார்.

"அவரும் ஒரு முதலாளிதான். அவர் பட்டறையில் யாருக்காவது காய்ச்சல் என்றால், வீட்டுக்குப் போய்ப் படு என்று விரட்டுவார். சரியானதும் அந்த ஆள் தானாக வந்து மெஷினில் உட்காருவார். இங்கே காய்ச்சல் வந்தால் ஸ்டாரைப் பிடுங்குகிறோம். நகுல் சீட்டிலேயே விழுந்தான். என் கதையைக் கேட்டு அவன் காய்ச்சல் இறங்காது, சார். அந்த விதியை எடுங்கள்."

இப்போது யாரும் சிரிக்கவில்லை. பின்வரிசையிலிருந்து "சஹி பாத் ஹை!" என்று ஆமோதித்து ஒரு குரல் வந்தது. அப்புறம் இன்னொன்று. மகேஷ்குமார் மேடைக்கு வந்து மைக்கை வாங்கி, சாப்பாடு தயார் என்று அறிவித்தார்.

மறுநாள் தன் கேபினில் அவளைக் கூப்பிட்டு, "இதை இங்கேயே சொல்லியிருக்கலாமே" என்றார்.

"இங்கதான் சார் சொல்லிட்டே இருந்தேன்."

வாஷி கிளை வேறு ஒருவருக்குப் போனது. சில வாரம் கழித்து, சிக் லீவுக்கு இனி ஸ்டார் குறையாது என்று எல்லாருக்கும் மெயில் வந்தது. அதில் அவள் பெயர் இல்லை.

"மேனேஜர் வேல போச்சேன்னு வெசனமா இருக்கா தாயி?" என்று கேட்டார் அப்பா.

"இருக்குப்பா. அதுக்காவ அந்தத் தாள வாசிச்சிருப்பேனா?"

அடுத்த ஆண்டு விழா நெருங்கியதும் சாருலதா புது ஆளைத் தேடினார். தாராவி போலவே குடிசைகள் நிறைந்த கோவண்டியிலிருந்து வரும் கீதாவைப் பிடித்தார். மத்தியானம் கேன்டீனில் கீதா தட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். பூமாரி தன் டப்பாவை எடுத்துக்கொண்டு எதிரே போய் உட்கார்ந்தாள்.

"பிடிச்சிருந்தா தாராளமா பேசு. பிடிக்கலைன்னா முடியாதுன்னு சொல்லிரு. மேடம்கிட்ட தனியாப் போவாத, நானும் வாரேன்."

கீதா நிமிர்ந்து பார்த்தாள். "இப்பவே போலாமாக்கா?"

"மொதல்ல சாப்பிடு" என்றாள் பூமாரி.