மரம் எடுத்த நாலாவது படம்

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நம் இயக்குநர் அதற்கும் ஒரு படி மேல். கோணல் கூடத்தை நேராக்கக் கேமராவைத் தூக்கிக்கொண்டு கிளம்பியவர்.

பள்ளி நாட்டிய நாடகத்தில் அவருக்குக் கிடைத்தது மரம் வேடம். கையைத் தூக்கிக்கொண்டு பின்வரிசையில் நிற்க வேண்டும், அவ்வளவுதான். முன்னால் மானாகத் துள்ளிய பெண்ணைப் பிற்பாடு அவர் கல்யாணமே செய்துகொண்டார். ஆனாலும் கூடப் படித்தவர்களுக்கு அவர் இன்றுவரை 'மரம்'தான். அந்த எரிச்சலில், தன் படத்தில் ஒருத்தரும் சும்மா நிற்கக் கூடாது என்று சபதம் எடுத்தார்.

மூன்று படம் எடுத்தார். போலீஸ்காரர் தாளம் தப்பாமல் கதவைத் தட்டுவார். நோயாளி சுழன்று சுழன்று கட்டிலில் விழுவார். கேமரா பேய் பிடித்த மாதிரி சுற்றும். 'நடனமே என் மூச்சு' என்று பேட்டி கொடுத்தார். பார்த்தவர்களுக்குத்தான் மூச்சு முட்டியது. ஊர் சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும். நடனம் சொல்லிக்கொடுக்கும் மனைவியே மூன்று படத்திலும் இடைவேளைக்குள் தூங்கிப்போனாள் பாருங்கள், அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. நாலாவது படத்திலாவது அவள் முழித்திருக்க வேண்டும். விருதெல்லாம் அப்புறம்.

அந்தப் படத்தில், கோபித்துக்கொண்ட மனைவி பெட்டி அடுக்குவாள். கணவன் அவளைச் சுற்றிச் சுற்றி ஆடித் தடுப்பான். படப்பிடிப்பு அன்று கணவனாக நடிப்பவர் காய்ச்சலில் வரவில்லை. வாடகைக்கு எடுத்த வீட்டைச் சாயங்காலம் காலி செய்தாக வேண்டும்.

"முதுகைக் காட்டி நானே ஆடிடறேன்" என்று இயக்குநர் நடிகரின் சட்டையைப் போட்டுக்கொண்டார். முதல் சுற்றிலேயே இடுப்பு பிடித்துக்கொண்டது. கதவு நிலையைப் பிடித்தவர் அப்படியே நின்றுவிட்டார். உனக்கு இது தேவையா என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டார். நடிகை ஒன்றும் புரியாமல் பெட்டியை அடுக்கி முடித்து, அவரைப் பார்த்துவிட்டு வெளியே போனாள். வேறு வழியில்லாமல் அதுவே படத்தில் சேர்ந்தது.

முன்னோட்டக் காட்சியில் அவர் திரையைப் பார்க்கவில்லை, பக்கத்து இருக்கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அரை மணி நேரத்தில் மனைவியின் தலை சாய்ந்தது. போச்சுடா என்று நினைத்தார். பெட்டி அடுக்கும் காட்சி வந்தது, இசை நின்றது. அந்த அமைதியில் அவள் கண் திறந்தது. நிமிர்ந்து உட்கார்ந்தாள். கன்னம் நனைந்திருந்தது.

வெளியே வந்ததும் கேட்டாள்: "கதவுகிட்ட நிக்கிறது நீங்கதானே?"

"முதுகுதானே தெரிஞ்சுது?"

"அது போதாதா? அன்னிக்கு மேடைல நாங்க எல்லாரும் பயந்துபோய்த் தப்புத் தப்பா ஆடினோம். மரம் மட்டுந்தான் அசையல. அதப் பாத்துதான உங்களக் கட்டிக்கிட்டேன்."

"இத ஏன் இவ்வளவு நாளாச் சொல்லல?"

"நீங்க எங்க ஒரு எடத்துல நின்னு கேட்டீங்க?"

இடுப்பு பிடித்த கதையைச் சொல்ல வாயெடுத்தவர், அதை விழுங்கிக்கொண்டு அசையாமல் நின்றார்.