கேட்ட விலைக்கே போனவர்

பூட்டுக் கடைப் பெரியவர் ஒரு செவ்வாய்க்கிழமை பகல் பதினொரு மணிக்கு, உயிரோடு இருக்கும்போதே, நினைவுச் சிலை ஆனார். கையில் பாதி வெட்டிய சாவி ஒன்று இருந்தது. அதற்காக நின்றிருந்த வாடிக்கைக்காரர், முக்காலி காலியானதைப் பார்த்து, ஆள் உள்ளே போயிருப்பார் என்று அரை மணி நேரம் காத்திருந்துவிட்டு, அடுத்த தெருவில் வேறு சாவி வெட்டிக்கொண்டு போனார். வெறும் கண்ணுக்கு முக்காலி மட்டும்தான். கைபேசியில் அப்போது ஊரே விளையாடிய பிராணி பிடிக்கும் விளையாட்டைத் திறந்து கடைப் பக்கம் தூக்கிப் பிடித்தால், மூன்றடிப் பீடத்தின் மேல், சாம்பல் நிறத்தில், முழங்காலில் கை ஊன்றிப் பெரியவர் உட்கார்ந்திருப்பார். பீடத்தில் எழுதியிருந்தது: ‘இந்நகருக்குப் பூட்டுத் தந்த வள்ளல். மறைந்து நூறாண்டு.’ அவருக்கு அப்போது வயது ஐம்பத்தெட்டு.

இதைச் செய்தவர் பக்கத்துக் கடைச் சின்னவர், அவருடைய கூடப் பிறந்த தம்பி. இரண்டும் ஒரு காலத்தில் ஒரே கடை. அப்பா போன பிறகு நடுவில் பலகைத் தடுப்பு வைத்துப் பாகம் பிரித்தார்கள். சாவி வெட்டும் இயந்திரம் அண்ணனுக்கு, பெயர்ப் பலகை தம்பிக்கு என்று முடிவானது. பலகையைப் பார்த்து வருகிறவர்கள் சின்னவரிடம் விலை விசாரித்துவிட்டு, இயந்திரச் சத்தம் கேட்கிற பக்கம் போய் வாங்கினார்கள். பதினோரு வருடம் இருவருக்கும் பேச்சில்லை. தடுப்பு அரை அங்குலக் கனம். இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கம் தூசி பறக்கும். ஆனாலும் ஒருவருக்கு நாலு திருகாணி வேண்டுமென்றால், எதிர்க்கடைச் செருப்புக்காரர் தெருவைக் கடந்து வந்து இங்கே வாங்கி அங்கே கொடுத்துவிட்டுப் போவார்.

அந்தப் பதினோராம் வருடத்தில்தான் விளையாட்டு ஊருக்குள் வந்தது. ஜனங்கள் கைபேசியை முகத்துக்கு நேரே தூக்கிக்கொண்டு தெருத்தெருவாக நடந்தார்கள். திரையில் பார்த்தால் கூரைகளில், பேருந்து நிறுத்தங்களில், வங்கி வாசலில் விதவிதமான பிராணிகள் நிற்கும். வலை வீசிப் பிடிக்க வேண்டும். சிலை, நீரூற்று மாதிரி பார்க்கத்தக்க இடங்களில் நீல வளையம் ஒன்று சுற்றும்; அதைத் தள்ளிவிட்டால் மூன்று நீலக் கல் விழும். வளையம் இருக்கிற இடத்தில் கூட்டம். செருப்புக் கடை ஓரத்தில் தண்ணீர் வராத நீரூற்றுத் தொட்டி ஒன்று இருந்தது. அதற்கு வளையம் வந்த நாளிலிருந்து, நடந்து நடந்து அடி தேய்ந்தவர்கள் செருப்புக்காரரிடமே புதுச் செருப்பு வாங்கினார்கள். சின்னவருக்குப் பொறுக்கவில்லை.

“உனக்கு மட்டும் வளையம் எப்படிய்யா குடுத்தான்?”

“எனக்கெங்க குடுத்தான், தொட்டிக்குக் குடுத்தான். கடைக்கெல்லாம் தர மாட்டான். செத்துப்போன பெரிய மனுஷன் சிலை, சமாதி, இப்படி ஏதாவது இருந்தா படம் எடுத்து எழுதிப் போடலாம். அதுக்கும் விளையாட்டுல நாப்பதாவது படி ஏறியிருக்கணும்.”

“படி ஏற என்ன செய்யணும்?”

“நடக்கணும். உம்மால ஆகுமா அது?”

சின்னவர் எட்டு மாதம் நடந்தார். நாற்பத்தொன்பது வயது வரை அவருக்குத் தெரிந்த ஊர், வீட்டிலிருந்து கடை வரைக்குமான ஒன்றரைக் கிலோமீட்டர்தான். கடிகாரக் கோபுரத்துக்குப் பின்னால் நூலகம் இருப்பதைக் கண்டார். அதன் வாசலில் மூன்று தலை ஆமை பிடித்தார். ரயில் பாலத்துக்கு அடியில் யாரோ வளர்க்கும் ரோஜாத் தோட்டத்தைக் கண்டார். அங்கே பிராணி எதுவும் இல்லாததால் உடனே திரும்பினார். சர்க்கரை குறைந்தது, மருத்துவர் கை கொடுத்தார். ஒரு மாலை நகராட்சிப் பூங்காவில் நீல ஆந்தை ஒன்றைத் துரத்திப் போய்க் கைபேசியை நிமிர்த்தினால், ஆந்தை உட்கார்ந்திருந்தது பெரியவரின் தோளில். சிமெண்டு பெஞ்சில் அவர் தனியாக இருந்தார். தம்பியைப் பார்த்தார், தொண்டையைச் செருமினார், வாயைத் திறந்தார். நீல ஆந்தை அபூர்வம், ஐந்து நொடிதான் நிற்கும். சின்னவர் வலையை வீசினார், பையில் போட்டார், நடையைக் கட்டினார். அத்தோடு நாற்பதாவது படி.

மறுநாள் செருப்புக் கடையிலிருந்து அண்ணனைப் படம் எடுத்தார். பெரியவர் உட்காருவதே சிலை மாதிரிதான், சட்டையும் சாம்பல். படத்தோடு இரண்டு வரி எழுத வேண்டும். எங்கள் தெருவில் எதையும் மூன்று மடங்கு சொல்லித்தான் பழக்கம். கேட்கிறவர் அடித்துக் குறைப்பார், நாம் அழுதுகொண்டே இறங்குவோம், நடுவில் எங்கேயாவது நியாயம் அகப்படும். ‘பழைய வியாபாரி’ என்ற அளவில் முடிந்தால் போதும் என்பதுதான் சின்னவர் மனதில் இருந்தது. அங்கே போய் நிற்க வேண்டுமென்றால் மேலேயிருந்து ஆரம்பிக்க வேண்டுமே என்று வள்ளல் என்றார், நூறாண்டு என்றார். நூறு அதிகம், ஐம்பது போடலாம் என்று பதில் வரும். உங்களுக்காக இருபது என்று இறங்கி, கடைசியில் ஆள் சாகவில்லை, கொஞ்சம் வயதாகிவிட்டது என்று முடித்துக்கொள்ளலாம் என்று எண்ணம். செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்குப் பதில் வந்தது: ஏற்றுக்கொள்ளப்பட்டது. கேட்ட விலையை மறுபேச்சில்லாமல் கொடுக்கிறவனைக் கண்டால் எந்த வியாபாரிக்கும் சந்தேகம் வரும். சின்னவர் காதைத் தீட்டிக்கொண்டார். தடுப்புக்கு அந்தப் பக்கம் இயந்திரச் சத்தம் நின்றிருந்தது.

பெரியவரின் மனைவி காவல் நிலையம் போனார். ஆய்வாளர் நேரில் வந்து கைபேசியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, “கடையிலதானேம்மா உக்காந்திருக்காரு. காணோம்னு நான் எப்படி எழுதறது?” என்றார். போகிற போக்கில் வளையத்தைத் தள்ளி மூன்று கல் எடுத்துக்கொண்டார். நகராட்சியில் இறப்புச் சான்று கேட்டதற்கு, நூறு வருடம் தாமதமாக வருகிறவர்களுக்குப் படிவம் இல்லை என்றார்கள். மனைவியும் இல்லை, விதவையும் இல்லை என்று ஆகிவிட்ட அந்த அம்மாள் நேரே சின்னவர் கடைக்கு வந்து நின்றார்.

“நூறுன்னு எழுதினீங்களே தம்பி, ஒரு பத்துன்னு எழுதக் கூடாதா?”

“குறைச்சுக் கேப்பாங்கன்னு நினைச்சேன் அண்ணி.”

“தம்பிகிட்ட போய்ப் பேசுங்கன்னு பதினோரு வருஷமா வீட்டுல நான்தான் சண்டை போட்டேன். அன்னிக்குப் பூங்காவுல பேசத்தான் வாயெடுத்தாராம். நீங்க ஆந்தை பிடிச்சீங்களாம்.”

சின்னவர் கல்லாவைத் துடைத்தார். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார். அண்ணி பெரியவர் கடை ஷட்டரை இழுத்துப் பூட்டினார்.

“மிஷின் வேணும்னா அவர்கிட்டயே கேளுங்க. குடுன்னு சொன்னா குடுத்துடறேன்.”

கூட்டம் என்னவோ வந்தது. ஆனால் பூட்டு வாங்க வேண்டுமென்றால் பூட்டி வைக்க ஏதாவது இருக்க வேண்டும். வந்ததெல்லாம் நடந்து திரிகிற கூட்டம். அவர்களும் எதிர்க்கடையில் செருப்பு வாங்கினார்கள். செருப்புக்காரர் இரண்டாவது கடை திறந்தார். சின்னவர் விளையாட்டு நிறுவனத்துக்கு எழுதினார்: ஐம்பதாகவாவது குறையுங்கள், வள்ளலை எடுத்துவிடுங்கள், உயிரை மட்டும் விடுங்கள். ‘உங்கள் ஆர்வத்துக்கு நன்றி’ என்று பதில் வந்தது, பதினேழு முறை. இருந்த வழி ஒன்றுதான்: ‘இந்த இடத்தில் இப்படி எதுவும் இல்லை’ என்ற கட்டத்தை அழுத்துவது. சந்தையில் பாத்திரக் கடைக்காரர் ஒருவர் தன் வாசல் மரத்தை எழுதிப் போட்டு, அது மறைந்ததும் பதறிப்போய் அந்தக் கட்டத்தை அழுத்தினார். மரம் வாசலுக்கும் வரவில்லை, திரையிலும் இல்லை. “அழுத்தாதீங்க தம்பி,” என்றார் அண்ணி. “இருக்கற இடமாவது தெரியுதே.”

மூன்று வருடத்தில் ஜனங்களுக்கு விளையாட்டு சலித்தது. முப்பது நாள் யாரும் தொடாத வளையங்கள், அவை நிற்கும் இடத்தோடு நீக்கப்படும் என்று நிறுவனம் அறிவித்தது. நீரூற்றுத் தொட்டி முதலில் போனது. செருப்புக்காரர் ஒரு கடையை மூடினார். அண்ணி மகள் வீட்டோடு போய்விட்டார். போகும்போது சின்னவரிடம் கடைச் சாவியைக் கொடுக்கவில்லை, பொறுப்பை மட்டும் கொடுத்தார். முப்பது நாளுக்கு ஒரு தடவை தொட்டால் போதும். சின்னவர் தினமும் தொட்டார்.

அப்படித் தொட்ட முதல் வருடம், “வந்துடு அண்ணே,” என்று கேட்டார். திரையில் பெரியவர் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். கல் கழுத்து திரும்பும்போது சாவி வெட்டுகிற சத்தம் கேட்டது. அடுத்த வருடம் இறங்கினார்: “வர வேண்டாம். அன்னிக்குப் பூங்காவுல என்ன சொல்ல வந்தே, அதை மட்டும் சொல்லு.” அதற்கடுத்து: “சொல்ல வேண்டாம், திட்டிடு.” அதற்கும் அடுத்து: “திட்டக்கூட வேண்டாம், ஒரு தடவை திரும்பிப் பாரு.” பெரியவரும் அதே அப்பாவிடம் வியாபாரம் படித்தவர்தான். எதிராளி இறங்கிக்கொண்டே வரும்போது அவசரப்பட்டு முடிக்கிறவர் இல்லை.

இப்போது சின்னவர் எதுவும் கேட்பதில்லை. அதற்குக் கீழே இறங்க இடமில்லை. காலை ஒன்பதரைக்கு, விரிசல் விட்ட கைபேசியைத் தூக்கி, அண்ணனின் தலையைச் சுற்றும் வளையத்தை ஒரு தள்ளுத் தள்ளுகிறார். அது சுற்றி ஓய்கிறது. மூன்று கல் விழுகிறது. பையில் போட்டுக்கொண்டு தன் பக்கத்து ஷட்டரைத் தூக்குகிறார்.