மாற்று வண்டி

தெருமுனையில் வந்து நின்றது வழக்கமான மஞ்சள் வேன் இல்லை. கலையரசியின் கண் முதலில் அதன் படிக்குத்தான் போனது.

"நம்ம வண்டி எஃப்.சி. சோதனைக்குப் போயிருக்குதுக்கா. ரெண்டு நாளைக்கு இதான்," என்று டிரைவர் மதிவாணன் சீட்டிலிருந்தே கத்தினான்.

வந்ததுதான் வந்தது, இன்றைக்கா வர வேண்டும்? மகள் பூர்ணிமா யார் கையும் படாமல் வேனில் ஏறி இறங்க வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் கொடுத்த ஒரு மாதக் கெடு இன்றோடு முடிகிறது. தூக்கி இறக்க வேனில் ஆள் கிடையாது, தானாக ஏறாத பிள்ளைக்கு சீட்டும் கிடையாது என்று தலைமையாசிரியை சொல்லிவிட்டார். வேன் இல்லையென்றால் படிப்பும் இல்லை. அப்பன் செல்வகுமார் விடியும் முன்னே கடலுக்குப் போய்விடுவான். கலையரசி எட்டரைக்குள் துறைமுகத்து ஏலத்தில் நின்று மீன் எடுத்தால்தான் வீட்டில் உலை கொதிக்கும். யார் கொண்டுபோய் விடுவது?

ஏழு வயதுப் பூர்ணிமாவுக்குக் கால் வலுவில் ஒரு குறையும் இல்லை. வைத்திக்குப்பத்துக் கடற்கரை மணலில் விட்டால் ஓடுவாள். ஆனால் புதிதாக ஒன்றைச் செய்யச் சொன்னால், எந்தக் காலை முதலில் வைப்பது, கையை எங்கே கொண்டுபோவது என்று தெரியாமல் அப்படியே நின்றுவிடுவாள். "பலம் இருக்குதுக்கா. உடம்ப எப்படி அசைக்கிறதுன்னு திட்டம் போடத்தான் வரல. அதத்தான் பழக்கணும்," என்றாள் சரிதா. வாரம் இரண்டு நாள் பயிற்சி கொடுக்கும் பிசியோதெரபிஸ்ட் அவள். பிள்ளையை இழுக்கவும் மாட்டாள், தூக்கவும் மாட்டாள். ஒரு பெஞ்சையோ கயிற்றையோ எதிரில் போட்டுவிட்டு, "என்ன பண்ணப் போற?" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்துகொள்வாள். பதில் வரக் கால் மணி ஆனாலும் சரி. பார்க்கப் பார்க்கக் கலையரசிக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பொறுமைக்கும் கலையரசிக்கும் வெகு தூரம். மஞ்சள் வேன் படியை முழம் போட்டு அளந்துவந்து, அதே உயரத்தில் ஒரு மீன் பெட்டியை, வேனில் போலவே கம்பி வலப்பக்கம் வரும்படி, ஜன்னலோரம் கவிழ்த்தாள். "ஒண்ணு, கம்பியப் புடி. ரெண்டு, வலது காலு. மூணு, எம்பு!" மாதம் முழுக்க இதே பாட்டு. பத்து நாளில் பிள்ளை பிசகாமல் ஏறியது. சரிதா மட்டும் முகத்தைச் சுளித்தாள். "ஒரே பெட்டியில பழக்காதீங்கக்கா. தினம் எதையாவது மாத்துங்க. இல்லன்னா அந்தப் பெட்டியில ஏற மட்டும்தான் தெரியும்." கலையரசி நன்றாகத் தலையை ஆட்டிவிட்டு வந்து அதே பெட்டியைத்தான் போட்டாள். ஏறுகிற பிள்ளையைக் கெடுப்பானேன் என்று நினைத்தாள்.

இந்த வண்டியின் படி பூர்ணிமாவின் இடுப்புக்குக் கொஞ்சம்தான் கீழே இருந்தது. கம்பியும் இடப்பக்கம்.

"ஒண்ணு!" என்றாள் கலையரசி.

பூர்ணிமா வலப்பக்கம் கையை நீட்டினாள். பிடிக்க ஒன்றும் இல்லை.

"ரெண்டு!"

கால் பழைய பெட்டியின் உயரத்துக்கே எழுந்தது. முழங்கால் இரும்பு விளிம்பில் மடாரென்று மோதியது. பிள்ளை அழவில்லை. நீட்டிய கையை நீட்டியபடியே வைத்துக்கொண்டு நின்றுவிட்டது. வண்டிக்குள் இருந்த பிள்ளைகள் எட்டிப் பார்த்தன. பின்னால் ஓர் ஆட்டோ ஹாரன் அடித்தது. சரிதா சொன்னது அப்போதுதான் கலையரசிக்கு உறைத்தது. குற்றம் பிள்ளை மேல் இல்லை, எல்லாம் தன் அவசர புத்தி. தன்னையே அறைந்துகொள்ள வேண்டும் போலிருந்தது.

மதிவாணன் குரலைத் தாழ்த்தினான். "தூக்கி வுடுக்கா. தானா ஏறிச்சின்னு நான் சொல்லிடறேன்."

நல்ல மனசுக்காரன். கலையரசியின் கைகள் பிள்ளையின் அக்குள்வரை போய்விட்டன. ஒரே தூக்கு, காரியம் முடிந்தது. ஆனால் பள்ளிக்கூட வாசலில் யார் இறக்குவது? சாயங்காலம் யார் ஏற்றுவது? இவன்தான் எத்தனை நாளைக்குப் பொய் சொல்வான்? கைகளை இழுத்து முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். 'கம்பி அந்தப் பக்கம்டி' என்று தொண்டைவரை வந்ததை விழுங்கினாள். ஏலத்தில் பத்து ஆம்பளைகளை வாயடைக்கிறவளுக்கு அதுதான் பெரும்பாடாக இருந்தது.

"பூர்ணி, இன்னா பண்ணப் போற?"

வீட்டில் அவள் ஒருநாளும் கேட்காத கேள்வி. பூர்ணிமா அம்மாவை ஒரு தரம் பார்த்தாள். பிறகு படியைப் பார்த்தாள். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. ஹாரன் மறுபடியும் அலறியது.

"செத்த இருய்யா! தலயா போயிடப் போவுது?" என்று கலையரசி ஆட்டோக்காரன் மேல் பாய்ந்தாள்.

திரும்பினால், பிள்ளை வண்டிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறது. அவ்வளவுதான், வீட்டுக்கு நடையைக் கட்டப் போகிறாள் என்றே கலையரசி நினைத்தாள். பூர்ணிமா நடக்கவில்லை. பின்பக்கமாகவே படியில் சாய்ந்து உட்காரப் பார்த்தாள். முதுகிலிருந்த பை இடித்தது. மறுபடி நின்றாள். வெகுநேரம் நின்றாள். ஒரு தோளிலிருந்து வாரை உருவினாள், பிறகு அடுத்த தோள். பையை வண்டிக்குள் தள்ளினாள். இரண்டு உள்ளங்கையையும் பின்னால் ஊன்றி எம்பினாள். சறுக்கியது. கலையரசி உதட்டைக் கடித்துக்கொண்டாள். பூர்ணிமா இன்னொரு எம்பு எம்பிப் படியில் உட்கார்ந்தாள், இரண்டு காலையும் ஒன்றாகச் சுழற்றி உள்ளே போட்டாள்.

கரையில் நிற்கும் ஃபைபர் படகில் செல்வகுமார் அப்படித்தான் ஏறுவான். அதை யாரும் அவளுக்குச் சொல்லிக் கொடுத்ததில்லை.

"நான் பொய் சொல்ல வேணாம்க்கா," என்று சிரித்தான் மதிவாணன்.

கலையரசிக்குக் கண்ணீர் கண்ணை மறைத்தது. ஆனாலும் பழக்கம் விடுமா? ஓடிப்போய் வாசலைப் பிடித்துக்கொண்டாள். "பூர்ணி, எறங்கும்போது மொதல்ல நீ கம்பிய..."

"சொல்லாதம்மா," என்றாள் பூர்ணிமா, பையை மடியில் வைத்துக்கொண்டு படியையே பார்த்தபடி. "நான் யோசிச்சிக்கினு இருக்கேன்."

கலையரசி வாசலிலிருந்து கையை எடுத்தாள்.